நோயுற்ற பாம்பும் மருந்துத் தேர்வும்



மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பந்து மலைப்பாம்பை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் செல்லப்பிராணியாக வளர்ப்போர் பலர். அஞ்சியபோது உடலைப் பந்துபோற் சுருட்டித் தலையை நடுவில் மறைத்துக்கொள்வதால் வந்த பெயர் அது. இதற்கு வாயழுகல் என்னும் நோய் வருவதுண்டு. ஈறு சிவந்து வீங்கும். சீழ் ஒழுகாது, கட்டியாய் இறுகி நிற்கும். பாம்பு இரையை வெறுக்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தொன்றை ஊசி வழியே செலுத்தினால் தீராதா என்பீர்கள். எந்த மருந்தை என்பதே வினா.

1884-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு மருத்துவர் கிராம் என்பார் ஒரு சாயமுறையை வெளியிட்டார். ஊதாச் சாயத்தைப் பற்றிக்கொள்ளும் பாக்டீரியங்கள் ஓரினம், விட்டுவிடுபவை மற்றோரினம். பின்னவற்றுக்கு வெளிச்சவ்வு ஒன்று மிகுதியாக உண்டு. அதனைக் கடக்கப் பெனிசிலின் இடர்ப்படும். வாயழுகலிற் பெரிதும் காணப்படும் சூடோமோனாஸ், ஏரோமோனாஸ் என்பவை இவ்வினத்தனவே. வகுப்பிற் பெனிசிலினின் புகழையே பாடிவந்த என்போன்ற ஆசிரியர்க்கு இது சற்று ஏமாற்றந்தான்! ஆதலின், தேர்ந்த மருத்துவர் புண்ணின் ஆழத்திலிருந்து சிறிது எடுத்து, ஆய்வுக்கூடத்திற் கிருமியை வளர்த்து, எம்மருந்துக்கு அது மடிகிறது எனச் சோதிப்பார். நலமுள்ள பாம்பின் வாயிலும் இக்கிருமிகள் இருத்தல் கூடுமாகையால், சோதனை முடிவையும் ஆராய்ந்தே கொள்வார்.

கிருமியை அறிந்தபின் பாம்பையும் அறிதல் வேண்டும். ஜென்டாமைசின் இக்கிருமிகள் பலவற்றைக் கொல்லவல்லது. ஆனால் உடலில் நீர் வற்றிய பாம்பின் சிறுநீரகத்தையும் அது கெடுத்துவிடும். அப்போது யூரிக் அமிலம் வெளியேறாது, உள்ளுறுப்புகளில் வெண்படிவாகத் தங்கும். புண் ஆறிக்கொண்டிருக்கும்போதே பாம்பு இறந்துபோகும்.

செஃப்டாசிடைம் அத்துணைக் கொடியதன்று. மனிதர்க்கு நாடோறும் இருமுறை, மும்முறை இடும் இம்மருந்தைப் பாம்புக்கு 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் வீதம் இடுவர். 1984-இல் வெளிவந்த ஆராய்ச்சி, 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்த பாம்புகளைக் கொண்டு இவ்வளவைக் கணித்தது. வெப்பத்தைக் குறிப்பானேன்? பாம்பு தன் உடல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்தே பெறுவது. குளிர்ந்த பெட்டியிற் கிடந்தால் குருதியோட்டம் மந்தமாகும். மருந்து பரவுதலும் கழிதலும் மாறும். நோயை எதிர்க்கும் ஆற்றலும் தளரும். ஊசியை உடலின் முன்பாதியில் இடுதல் மரபு; வாற்புறக் குருதி சிறுநீரகத்தின் வழியே திரும்பக்கூடும் என்பது அதன் காரணம்.

வாயழுகல் பலகாலும் குளிர்ந்த, அழுக்கேறிய பெட்டியிலேதான் தொடங்குகிறது. அப்பெட்டி திருந்தாதவரை, மருந்து முடிந்த சில வாரங்களில் அதே பாம்பு அதே புண்ணோடு மருத்துவரிடம் திரும்பி வருதலும் உண்டு.