பல்லாவரத்துக் கல்லும் பிள்ளை மீன்களும்



விண்மீன் என்றாலே தொன்மை என்று பாடிப் பழகிவிட்டோம். மார்கழி இரவில் தாம்பரத்து விளக்கொளியையும் மீறித் திருவாதிரை தெரிகிறது. அதே வேட்டுவன் குழுவில், வரிசையாய் நிற்கும் மூன்று மீன்களுக்குக் கீழே ஒரு புகைத்திட்டு உண்டு. அது மீன்கள் பிறக்கும் இடம். அதன் நடுவே நான்கு பெருமீன்கள். மூத்ததன் எடை சூரியனைப்போல் ஏறத்தாழ முப்பது மடங்கு. அது ஒன்றன்று, இரட்டை என்பதை 1990களின் இறுதியில் நுண்ணிய அகச்சிவப்புப் படங்களே காட்டின.

சுற்றிலும் பிறப்பவற்றைத் தூசு மறைக்கிறது. அத்தூசையும் ஊடுருவி வருபவை அகச்சிவப்பும் எக்ஸ் கதிரும். நம் மாநிலக் கல்லூரி மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயர் தாங்கிய விண்நோக்கி, 2003 சனவரியில் ஏறத்தாழப் பத்து நாள் அங்கேயே நோக்கி, 1,600க்கும் மேற்பட்ட எக்ஸ் கதிர் ஊற்றுகளைக் கண்டது. பிள்ளைப் பருவத்து மீன்கள் இத்தனை சினத்துடன் கனல்வதை எந்தத் தாலாட்டில் அடக்குவது?

அப்பெருமீன்களின் வயது பத்து லட்சம் ஆண்டளவே. 1863இல் நம் பல்லாவரத்தில் கற்கருவி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அவ்வாண்டே அத்திரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். அவ்வூர்க் கோடரிகள் சுமார் பதினைந்து லட்சம் ஆண்டுப் பழமையுடையவை என 2011இல் அறிவிக்கப்பட்டது. அக்கல்லைச் செதுக்கியவர் அண்ணாந்து பார்த்த வானில் இம்மீன்கள் இருந்திரா.