தொட்டிலும் தொகுதியும்



பாட்டியர் எண்மரைப் பெற்றனர். அவருள் சிலரைப் புதைக்கவும் செய்தனர். பெயர்த்தியர் இருவரோடு நிறுத்திக்கொண்டனர். இம்மாற்றம் செம்முக்கோணச் சுவரெழுத்தால் மட்டும் வந்ததன்று.

1971-இல் தமிழகத்தில் ஒரு பெண்ணுக்கு 3.9 குழந்தை என்பது கணக்கு. இந்தியா முழுமைக்குமோ 5.2. 2019–21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழகம் 1.8-க்கு இறங்கியிருந்தது, பீகார் 3.0-இல் நின்றது. ஒரு தலைமுறைக்கு அடுத்த தலைமுறை ஈடாக நிற்க வேண்டிய அளவு 2.1.

கரணியம் யாது? செல்வம் என்பர் சிலர். செல்வத்திற் குறையாத அரியானா இதில் தமிழகத்துக்குப் பின்தங்கியதே! பெண் பள்ளிக்குச் சென்றாள். மண அகவை உயர்ந்தது. பிறந்த குழந்தை பிழைத்தது. பிழைக்கும் என்னும் நம்பிக்கை புகுந்த வீட்டில், 'எதற்கும் இன்னொன்று' என்னும் அச்சம் வெளியேறிற்று. 1930-இலேயே பெரியார் குடிஅரசில் கருத்தடை பற்றி எழுதினார். பிறர் வறுமையையும் உடல்நலத்தையும் காட்டிக் கேட்டதை, அவர் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்டார். அதனை வாய்விட்டுப் பேசுவதே இழுக்கெனக் கருதிய காலம் அது!

ஒன்றை மறைத்தல் தகாது. சுமையைத் தாங்கியவள் பெண்ணே. தமிழகத்தில் மணமான பெண்டிருள் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர் என்றது அதே கணக்கெடுப்பு. ஆடவர் அறுவையோ நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மீசை முறுக்கும் மறவர் எங்குச் சென்றனரோ!

இத்தனைக்கும் கிடைத்த பரிசு யாது? 1962 தேர்தலில் 41-ஆக இருந்த நாடாளுமன்ற இருக்கைகள் 1967-இல் 39-ஆயின. 1961 கணக்கெடுப்பை ஒட்டிய பங்கீட்டின் விளைவு அது. பெருக்கத்தைக் குறைத்தவர் இழத்தலாகாது என்றே 1976-இல் 42-ஆம் சட்டத்திருத்தம் இருக்கைப் பங்கீட்டை 1971 கணக்கில் நிறுத்தியது. 2001-இல் வந்த 84-ஆம் திருத்தம், 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை அதனை நீட்டியது.

2024-இல் தென்னாட்டுத் தலைவர்களே மிகுதியாகப் பிள்ளை பெறுமாறு மேடைகளிற் பேசத் தொடங்கினர். விளையாட்டாய்ச் சொன்னதாகவே இருக்கட்டும்! தில்லியின் பங்கீட்டுப் பிழைக்குத் தாயின் வயிற்றிலா தீர்வு தேடுவது? நான்கு தலைமுறையாய்ப் பெண் பெற்ற உரிமையை ஓர் இருக்கைக்காகத் திருப்பிக் கேட்பதா? மக்கள்தொகையை ஒட்டி இருக்கைகளைக் கூட்டியே ஆகவேண்டுமெனில் 1971 கணக்கின்படியே மாநிலங்களுக்குப் பங்கிடுக என்று அதே 2024-இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. தலைவர்கள் மேடைதோறும் பேச வேண்டியது அத்தீர்மானத்தை.