ஆகாயத்தில் ஒரு குடித்தனம்

இன்று நாம் பிரயாணம் போகும் ஸ்தலம் ரயிலும் கப்பலும் எட்டாதது. ஆயினும் அது நம் தலைக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவும் ரஷ்யாவும், ஜப்பானும் கனடாவும், ஐரோப்பிய தேசங்கள் பலவும் ஒன்றுகூடி, 1998-ஆம் ஆண்டிலிருந்து பகுதி பகுதியாக மேலே அனுப்பி இணைத்த சர்வதேச விண்வெளி நிலையம் அது. 2000-ஆம் ஆண்டு நவம்பரில் மூவர் அதில் குடிபுகுந்த நாள்தொட்டு, ஆளில்லாமல் அது ஒரு நாளும் இருந்ததில்லை.

உள்ளே புகுந்தவுடன் மேல், கீழ் என்ற பேதமே மறைந்துபோகிறது. நாற்புறமும் கருவிகள் பொருந்தியிருக்க, மனிதர்கள் கைப்பிடிகளைப் பற்றி மிதந்து செல்கிறார்கள். அங்கே பூமியின் ஆகர்ஷண சக்தி இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு அங்கும் உண்டு! மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் அந்த நிலையமும் அதிலுள்ளோரும் பூமியை நோக்கிச் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதாலும், விழ விழப் பூமியின் வளைவும் கீழே விலகிக்கொண்டே போவதாலும், எடை என்பதையே அவர்கள் உணர்வதில்லை.

பூமியை ஒருமுறை சுற்றிவர அதற்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் போதும். ஆகவே ஒரே நாளில் பதினாறு சூரியோதயங்கள். சூரியனை நம்பி விழிக்கவோ உறங்கவோ இயலாதாகையால், கிரீன்விச் நேரப்படி கடிகாரம் பார்த்தே அவர்களுடைய நாள் நடக்கிறது.

எடையற்ற வாழ்வில் எலும்பும் தசையும் க்ஷீணிக்குமாதலால், தினமும் இரண்டு மணி நேரம் தேகாப்பியாசம் உண்டு. ஓடும்போது உடலை வார்களால் பிணைத்துக்கொள்ளாவிட்டால், முதல் அடியிலேயே மிதந்துவிடுவார்கள். இரவில் சுவரோடு கட்டிய பைக்குள் நித்திரை. அங்கே வெப்பக்காற்று தானாக மேலெழுவதில்லை. விசிறி நின்றுவிட்டால் உறங்குகிறவர் விட்ட கரியமிலவாயு அவர் முகத்தைச் சுற்றியே தேங்கிவிடும். ரொட்டித் துகள்கள் பறந்து கருவிகளுக்குள் புகக்கூடுமென்பதால், உதிராத தட்டை ரொட்டியையே உண்கிறார்கள்.

பூமியைக் காண ஏழு கண்ணாடிகள் பதித்த ஜன்னல் மாடம் ஒன்று அங்கே இருக்கிறது. அதன் காட்சி மகோன்னதமானதுதான். எனினும், அந்தக் குடித்தனத்தார் தண்ணீரைப் பேணும் விதமே அதைவிடப் பெரிய அற்புதமென்று நான் கருதுகிறேன். வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் ஆகிய அனைத்தையும் சேகரித்துச் சுத்தம் செய்து மறுபடியும் குடிக்கிறார்கள். நூற்றில் 98 பங்கு நீரை மீட்கும் திறன் 2023-இல் கைகூடியது. அந்தத் தண்ணீரையே மின்சாரத்தால் பிரித்துப் பிராணவாயு எடுக்கிறார்கள். நாம் யோசியாமல் சுவாசிக்கும் காற்றையும் பருகும் நீரையும், அங்கே மனிதர் உழைத்துச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது!

பழுதுபார்க்கும் வேலை போக, மிச்சமுள்ள பகலெல்லாம் ஆராய்ச்சிதான். 2025-இல் அங்கே சென்ற நம் தேசத்தவரான சுபான்ஷு சுக்லா, பச்சைப்பயறும் வெந்தயமும் முளைக்கச் செய்து பார்த்தார்.

அந்த நிலையத்தில் ஒரு ஹாம் (அமெச்சூர்) வானொலியும் உண்டு. உலகெங்குமுள்ள பள்ளிப் பிள்ளைகள், முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு, அது தங்கள் வானத்தைக் கடக்கும் சுமார் பத்து நிமிஷ நேரத்தில் அதிலுள்ளவர்களோடு பேசியிருக்கிறார்கள். நீங்களும் உங்கள் ஆசிரியரிடம் இதைச் சொல்லுங்கள். கேட்க விரும்பும் கேள்வியை இன்றே எழுதி வையுங்கள்.