உயர்த்த வேண்டியது வயதா? பொறுப்பா?

(புதுச்சேரியில் வாலிபர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசச் சொன்ன விஷயம், மோட்டார் வண்டி ஓட்டுவதற்குரிய வயதை இப்போதுள்ள 18-லிருந்து 21 ஆக உயர்த்தலாமா என்பது. உயர்த்த வேண்டுமென்று சொல்லுகிறவர்கள் கெட்ட எண்ணத்தினால் சொல்லவில்லை. 2022-ம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இது சர்க்காரே வெளியிட்ட கணக்கு. ஆகவே ஏதாவது செய்தாக வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வயதை உயர்த்துவது இந்த வியாதிக்கு மருந்தா என்பதுதான் என் கேள்வி.

முதலில் சட்டத்தைப் பாருங்கள். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, 50 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு 16 வயது. மற்ற சொந்த வண்டிகளுக்கு 18. வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் வண்டிகளுக்கு 20. நம் நேரு வீதியில் ஓடுகிற ஸ்கூட்டர்களில் 50 சி.சி. வண்டி எத்தனை கண்டிருக்கிறீர்கள்? இன்று கடையில் விற்பதெல்லாம் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேற்பட்டவை. எனவே, ட்யூஷன் முடிந்து முன்னால் ஒருவனையும் பின்னால் ஒருவனையும் வைத்துக் கொண்டு பறக்கிறானே பத்தாம் வகுப்புப் பையன், அவன் இப்போதுள்ள சட்டப்படியே ஓட்டக் கூடாதவன். 18 என்பதை மதிக்காத வீட்டார் 21 என்று எழுதிவிட்டால் மதித்து விடுவார்களா? வாசற் கதவைத் திறந்து போட்டுவிட்டு மதிற்சுவரை மூன்றடி உயர்த்திக் கட்டினால் திருடன் வராமலிருப்பானா?

சரி, அந்தப் பையனுக்குச் சாவி எங்கிருந்து வந்தது? தகப்பனார் சட்டைப் பையிலிருந்து வந்தது. “எங்கள் பையன் எட்டாவது படிக்கும்போதே வண்டி ஓட்டுவான்” என்று நாலு பேரிடம் சொல்லிக் கொள்வது ஒரு பெருமையாகி விட்டது. இதற்காகவே 2019-ல் 199-ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். பையன் ஓட்டிக் குற்றம் செய்தால் தகப்பனுக்கோ வண்டிக்காரனுக்கோ மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்றால் அதைத் தகப்பனே நிரூபித்தாக வேண்டும்.

சட்டம் இருந்தால் போதுமா? 2024 மே 19-ந் தேதி புனே நகரத்தில், 17 வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார் மோதி இரண்டு வாலிபர்கள் இறந்தார்கள். அவனை ஜாமீனில் விட்டபோது விதித்த நிபந்தனைகளில் ஒன்று, விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் ஒரு வியாசம் எழுத வேண்டுமென்பது! ஜனங்கள் கொதித்தெழுந்த பிறகுதான் அந்த உத்தரவு மாறிற்று. அங்கே குறைந்திருந்தது சட்டத்திலுள்ள வயதா? இல்லை. அந்தச் சட்டத்தை நடத்தும் மனமல்லவா குறைந்திருந்தது?

இனி நம்முடைய மூடத்தனத்தைக் கொஞ்சம் பார்ப்போம். புது வண்டி வாங்கியவுடன் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம். தலைக்கவசம் மட்டும் கடைக்காரன் கொடுத்த பையிலேயே பரண்மேல் கிடக்கும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து வண்டி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இது இயற்கையின் கணக்கு. எத்தனை எலுமிச்சம்பழம் நசுக்கினாலும் ஓரடி குறையாது. பையன் செத்தபின் “தலைவிதி” என்று அழுகிறோம். விதிதான் கொன்றதென்றால் லாரிக்காரனை ஏன் அடிக்கப் போகிறீர்கள்? விதியென்று சொல்லுவது, சாவியைக் கொடுத்த கையை மறைப்பதற்கே தவிர வேறில்லை.

மேலும், வயதை உயர்த்தினால் கஷ்டப்படுகிறவர் யார்? பணக்காரப் பிள்ளைக்கு டிரைவர் இருக்கிறான். தட்டாஞ்சாவடிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் பஸ் நின்ற பிறகு இரவு ஷிப்டுக்குப் போகிற 18 வயதுத் தொழிலாளி என்ன செய்வான்? பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் ஸ்கூட்டரில் காலேஜுக்கு வரும் பெண் என்ன செய்வாள்? வயதை 21 ஆக்கினால் பையனுக்குச் சாவி பழையபடி கிடைக்கும். பெண்ணுக்குத்தான் சட்டத்தைக் காட்டுவார்கள்! 18 வயதில் சர்க்காரைத் தேர்ந்தெடுக்கும் யோக்கியதை உண்டென்று 1989 முதல் ஓட்டுக் கொடுத்து விட்டு, ஸ்கூட்டர் ஓட்டும் யோக்கியதை இல்லையென்பது என்ன நியாயம்?

1954 வரையில் நம் ஊரை ஆண்ட பிரான்சைப் பாருங்கள். அங்கே 2024 ஜனவரி முதல் கார் லைசென்ஸ் வயதை 18-லிருந்து 17 ஆகக் குறைத்து விட்டார்கள். ஆனால் 15 வயதிலேயே கற்கத் தொடங்கி, ஆசிரியரிடம் குறைந்தது 20 மணி நேரம் பயின்று, பிறகு பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு 3,000 கிலோமீட்டர் ஓட்டிப் பழகும் ஏற்பாடும் அங்கே உண்டு. நாமும் வயதைக் குறைப்போமென்று நான் சொல்லவில்லை. நம் மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டினால் ஸ்கூட்டருக்கு லைசென்ஸ். மழை இரவில், நூறடிச் சாலையில், எதிரே பஸ் வரும்போது எட்டா போடப் போகிறான்?

ஆகவே தோழர்களே! 18 வயது 18 ஆகவே இருக்கட்டும். உயர்த்த வேண்டியவை இரண்டு: ஒன்று, லைசென்ஸுக்கு முன் கொடுக்கும் படிப்பு, மற்றொன்று, பெற்றோர் பொறுப்பு. பிள்ளை கேட்டால் இல்லையென்று சொல்லத் தைரியமில்லாத தகப்பனுக்குச் சர்க்கார் எந்த வயதை எழுதி வைத்தென்ன? இன்றிரவு வீட்டுக்குப் போனதும், வாசல் ஆணியில் தொங்கும் சாவியை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளை ஏனென்று கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள், அடிக்காதீர்கள். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டதைச் செய்யும்படி கேட்டுக் கொண்டு முடித்துக் கொள்ளுகிறேன்.