கட்டியை வெட்டுவதற்கு முன்

(மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், பேர், கொழுந்து நிறுவை பற்றித்தான் நாங்கள் வழக்கமாகப் பேசுவோம். இன்றைக்கு உடம்பில் வருகிற கட்டி பற்றிப் பேசப் போகிறோம். தோளில் வந்தால் "கூடை தூக்கி வந்தது" என்போம். தொடையில் வந்தால் "மலையில் விழுந்த அடி" என்போம். எண்ணெய் தேய்ப்போம், பத்துப் போடுவோம். வருசம் ஓடிவிடும்.

பயப்பட வேண்டாம். தசையிலும் கொழுப்பிலும் வருகிற கட்டிகளில் ஒன்று புற்றுநோய் என்றால், 100க்கு மேல் சாதாரணக் கட்டிகள். அந்த ஒன்றுக்குச் சார்கோமா என்று பெயர். அது தொடக்கத்தில் பெரும்பாலும் நோகாது. ஆகவே நோகவில்லை, நல்ல கட்டிதான் என்று இருந்துவிடக் கூடாது. 5 சென்ரிமீற்றருக்கு மேல், அதாவது ஒரு தேசிக்காயை விடப் பெரிதாக இருந்தால், வளர்ந்துகொண்டே போனால், ஆழத்தில் அசையாமல் இருந்தால், வெட்டிய இடத்திலேயே திரும்பி வந்தால், உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அங்கேதான் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வருகிறது. அது எக்ஸ்ரே அல்ல. பெரிய காந்தமும் ரேடியோ அலையும்தான். நம் ஊர்க் குளிரில் தேங்காய் எண்ணெய் உறையும், பக்கத்தில் இருக்கும் தண்ணீர் உறையாது. அதுபோலக் காந்தத்துக்குள் கொழுப்பு ஒருவிதமாகவும் நீர் வேறுவிதமாகவும் பதில் சொல்லும். ஒரு படத்தில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். அடுத்த படத்தில் கொழுப்பின் வெளிச்சத்தை மட்டும் அணைப்பார்கள். தோலுக்குக் கீழே உள்ள கொழுப்போடு கட்டியும் சேர்ந்து கறுத்துப்போனால், அது அநேகமாக வெறும் கொழுப்புக் கட்டி. உள்ளே தடித்த நார்களோ கொழுப்பில்லாத முடிச்சுகளோ தெரிந்தால் சந்தேகம். சில வேளை கையில் ஒரு மருந்து ஊசி போட்டுத் திரும்பவும் படம் எடுப்பார்கள். நீர்க்கட்டியின் உள்ளே அந்த மருந்து போகாது, உயிருள்ள கட்டியில் போகும்.

இவ்வளவு தெரிந்தும் எல்லாக் கட்டிக்கும் ஸ்கேன் முடிவு சொல்லாது. சில நல்ல கட்டி கெட்டது மாதிரித் தெரியும், சில கெட்டது நீர்க்கட்டி மாதிரி ஏமாற்றும். சந்தேகம் இருந்தால் ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதித்தால்தான் உறுதி. "ஊசி குத்தினால் பரவிவிடும்" என்று லயத்தில் பேசுவார்கள். ஸ்கேனைப் பார்த்து, நிபுணர் இடம் குறித்துக் குத்துகிற ஊசிக்குப் பயந்து ஓட வேண்டாம்.

பயப்பட வேண்டியது அவசரக் கத்திக்கு. பெரிய, ஆழமான கட்டியை ஸ்கேன் இல்லாமல் தோண்டி எடுத்து, பிறகு அது சார்கோமா என்று தெரிந்தால், மிச்சம் அங்கேயே கிடக்கும். இரண்டாம் முறை இன்னும் பெரிதாக வெட்ட வேண்டி வரும். நரம்பும் இரத்தக்குழாயும் கட்டிக்கு எவ்வளவு கிட்ட என்று ஸ்கேன்தான் காட்டும். காலைக் காப்பாற்ற முடியுமா என்பது பல வேளை அதில்தான் இருக்கிறது. ஆகவே "ஸ்கேன் எடுக்க வேண்டாமா ஐயா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

உள்ளே அரை மணித்தியாலமோ அதற்கு மேலோ அசையாமல் படுக்க வேண்டும். ஸ்டோரில் மெசின் ஓடுகிற மாதிரிச் சத்தம் கேட்கும், காதுக்கு அடைப்பான் தருவார்கள். தோடு, மூக்குத்தி, தாலி, சேப்டி பின் எல்லாம் கழற்ற வேண்டும். தாலி கழற்ற மனமில்லாமல் திரும்பி வந்த அக்காமாரும் இருக்கிறார்கள். மாமியாரிடம் நாங்களே வந்து பேசுகிறோம்! நெஞ்சில் கருவி வைத்தவர்கள், கண்ணில் இரும்புத் தூள் பட்டவர்கள், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் முன்னமே சொல்லிவிட வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் திகதி கிடைக்கத் தாமதமாகும். கிடைத்த திகதியை ஒரு நாள் பேருக்காக விட்டுவிட்டால் மறுபடி வரிசையின் கடைசி. திகதித் துண்டை தோட்டத் தலைவரிடம் காட்டுங்கள், லீவுக் கடிதம் நாங்கள் எழுதித் தருகிறோம். அறிக்கை இங்கிலீசில் இருக்கும். பின்னேரம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து வாசித்துச் சொல்கிறோம்.