தாத்தாவோட பாக்கெட் வாட்சை என்ன செய்யலாம்?

உங்க வீடு குப்பனூர்லயோ சேலத்துலயோ இருக்கு, பீரோவைச் சுத்தம் பண்ணும்போது தாத்தாவோட பாக்கெட் வாட்ச் கிடைக்குதுன்னு வைங்க. சாவி கொடுத்தா ஓடுது. இதைக் கைக்கடிகாரமா மாத்திக் கட்டிக்கலாமா?

மாத்தலாம். இது புது ஐடியாவும் இல்ல. முதல் உலகப் போர்ல பதுங்குகுழியில இருந்தவங்களுக்குப் பையில இருந்து வாட்சை எடுத்துப் பார்க்க நேரமில்ல. அப்போ சின்ன பாக்கெட் வாட்ச்ல கம்பி வளையம் பத்தவச்சு, வார் மாட்டிக் கையில கட்டினாங்க. 1930களோட கடைசியில ஸ்விட்சர்லாந்தின் ஐடபிள்யூசி கம்பெனி, பாக்கெட் வாட்ச் மெஷினையே வச்சு 'போர்ச்சுகீசர்' கைக்கடிகாரத்தைச் செஞ்சது.

இப்போ கைவினைஞர்கள் செய்யறது என்ன? பழைய மெஷினைக் கழட்டிச் சுத்தம் பண்ணி, எண்ணெய் விட்டு, புது ஸ்டீல் கேஸ்ல உட்கார வைக்கிறாங்க. ரெண்டு சிக்கல் உண்டு. ஒண்ணு, மூடியில்லாத பாக்கெட் வாட்ச்ல சாவிக் குமிழ் 12 மணிப் பக்கம் இருக்கும். அதை வழக்கம்போல 3 மணிப் பக்கம் கொண்டுவந்தா, டயலும் சேர்ந்து திரும்பிடும். புது டயல்தான் போடணும். மூடி வச்ச வாட்ச்ல குமிழ் பெரும்பாலும் 3 மணிப் பக்கமே இருக்கும். ரெண்டாவது, பழைய மெஷின்ல பெரும்பாலும் அதிர்ச்சித் தடுப்பு இல்ல. பேலன்ஸ் சக்கரத்தோட அச்சுமுனை முடி மாதிரி மெல்லிசு. கை சுவத்துல இடிச்சாலே ஒடியலாம். உதிரி பாகம் கிடைக்கலைன்னா, லேத்துல கடைஞ்சுதான் செய்யணும்.

ஆனா முக்கியமான கேள்வி வேற. வெள்ளி, தங்கக் கேஸை எடைக்குப் போட்டு உருக்கிட்டா, மெஷின் மட்டும் அநாதையா மிஞ்சும். அப்படிப்பட்ட மெஷினுக்குப் புது கேஸ் கொடுக்கிறது, அதைக் காப்பாத்துற வேலை. கேஸ், டயல், முள் எல்லாம் முழுசா இருக்கிற வாட்சைப் பிரிக்கிறது அப்படியில்ல. அது ஒரு முழுப் பொருளை உடைக்கிறது. தாத்தா பேர் பொறிச்ச மூடி இருந்தா, இன்னும் யோசிங்க.

அப்படியும் மாத்தணும்னா, ரிப்பேர்காரர்கிட்ட ரெண்டு விஷயம் பேசிக்கோங்க. மெஷினை அராவவோ துளை போடவோ கூடாது. கழட்டின கேஸ், டயல், முள், திருகு எல்லாத்தையும் ஒரு டப்பாவுல போட்டுத் திருப்பித் தரணும். நாளைக்கு உங்க பேத்தி அதைப் பழையபடி பாக்கெட் வாட்சாவே பார்க்க ஆசைப்படலாம். அந்த வழியை மூடிடாதீங்க.