கம்பியைக் காக்கும் கைகள்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரை)



சமய மன்றத்து மேடையிலே மின்சாரத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கக்கூடும். திருக்கோயிலில் விளக்கிடுதலைச் சரியைத் தொண்டென்று போற்றிய மரபு நம்முடையது. கருவறையில் இன்றும் நெய்விளக்கே எரிகின்றது; ஆனால் வீதியை ஒளிசெய்வது மின்விளக்கு. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்துத் தீமிதிப்பு நாட்களில் ஊரெல்லாம் தோரண விளக்குகள். கல்முனைக் கடற்கரைப்பள்ளிக் கொடியேற்ற நாட்களிலும் அவ்வாறே. இரண்டு இடத்திற்கும் ஒளி வருவது ஒரே மின்சாரத்திலிருந்து. அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அதனை யார் தீர்மானிக்கிறார்கள், இனி அது எப்படி மாறப்போகிறது என்பதை அறிந்துகொள்வது நமக்குப் புறம்பான காரியமாகாது.

கதையை மலைநாட்டிலிருந்து தொடங்குவோம். 1874 இல் காலியிலே பிறந்த டி. ஜே. விமலசுரேந்திரா என்பவர் அரசாங்கத்தில் எஞ்சினியராக உத்தியோகம் பார்த்தவர். மஸ்கெலிய ஓயா, கெஹெல்கமு ஓயா என்னும் இரண்டு ஆறுகளும் மலையிலிருந்து இறங்கி வரும் வேகத்தைக் கண்டார். அந்த நீரைக் கொண்டே நாட்டுக்கு வேண்டிய மின்விசையைப் பெறலாம் என்று கணக்கிட்டு, 1918 இல் இலங்கை எஞ்சினியர் சங்கத்தின் முன்னிலையிலே ஒரு கட்டுரை வாசித்தார். அக்கால ஆட்சியாளர் அதனைப் பொருட்படுத்த நெடுங்காலம் எடுத்தது. 1924 இல் தொடங்கிய வேலையும் சில ஆண்டுகளிலே நின்றுபோயிற்று. அன்னார் சோர்ந்துவிடவில்லை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், 1931 இல் இரத்தினபுரியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கேயும் அதே ஆற்றைப் பற்றித்தான் பேசினார்! இலக்சபானா நிலையம் 25 மெகாவாட் வலுவுடன் இயங்கத் தொடங்கியது 1950 இல். அவர் காலமானது 1953 இல். 1965 இல் நோட்டன் பிரிட்ஜ் அருகே 50 மெகாவாட் நிலையம் ஒன்று அவர் பெயரையே தாங்கி எழுந்தது.

கட்டுரைக்கும் விளக்குக்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள். கணக்குப் பிழைத்ததாலா இந்தத் தாமதம்? இல்லை. கணக்குத் தெரிந்தவன் ஒருவன், பணத்தை ஒதுக்கும் அதிகாரம் படைத்தவன் வேறொருவன்; இவ்விருவரும் ஒரே மேசைக்கு வரத்தான் அத்தனை காலம் பிடித்தது.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. பட்டிப்பளை ஆறு என்று நம் முன்னோர் அழைத்த ஆற்றை மறித்து, 1949 இல் அமைந்த கல்லோயா அபிவிருத்திச் சபையின் கீழ் இங்கினியாகலையிலே அணை எழுந்தது. கட்டியவர்கள் மொறிசன் நுட்சன் என்னும் அமெரிக்கக் கம்பெனியார். சேனநாயக்க சமுத்திரம் எனப்படும் அந்தக் குளத்தின் கீழே ஏறக்குறைய 11 மெகாவாட் மின்நிலையம் இருக்கின்றது. வயலுக்கு நீர் திறந்தால்தான் அங்கே சக்கரம் நன்றாகச் சுழலும். நெல்லுக்கு முதலிடம், விளக்குக்கு அடுத்த இடம். அது நியாயமான ஒழுங்கு என்றே நாமும் கருதுகிறோம்.

கல்லோயா என்றவுடன் இச்சபையிலுள்ள பெரியோர்களுக்கு 1956 ஆம் ஆண்டும் நினைவுக்கு வரும். அதனை நாம் மறைத்துப் பேச விரும்பவில்லை. எங்கே யாரைக் குடியேற்றுவது என்பதை அணை கட்டிய எஞ்சினியர் தீர்மானிக்கவில்லை. ஆயினும் தீர்மானம் நடந்த இடங்களிலே இக்கடற்கரைத் தமிழரும் முஸ்லிம்களும் எத்தனை பேர் அமர்ந்திருந்தனர்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே இன்றைய நிலைக்கு வருவோம்.

1969 இல் இலங்கை மின்சார சபை அமைக்கப்பட்டது. மலையிலிருந்து 220,000 வோல்ட், 132,000 வோல்ட் பாதைகள் நீண்டன. அவற்றிலிருந்து 33,000 வோல்ட் கம்பிகள் பிரிந்தன. அவை தெருமுனை ட்ரான்ஸ்போமருக்கு வந்து, அங்கிருந்து 230 வோல்ட்டாக நம் வீட்டுக்குள் நுழைந்தன. 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையும் இக்கரையைச் சூறையாடியபோது கம்பங்களும் சேர்ந்தே சாய்ந்தன. மீண்டும் நட்டார்கள். கம்பத்தில் ஏறும் லைன்மன்மாருக்கு நாம் எந்த விழாவிலும் பொன்னாடை போர்த்தியதாக நினைவில்லை. இன்று நாட்டில் மின்சாரம் எட்டாத வீடு மிக அரிது.

ஆறுகள் போதாமற் போனபோது எண்ணெயும் நிலக்கரியும் வந்தன. நுரைச்சோலை நிலக்கரி நிலையம் மட்டும் 900 மெகாவாட். இலக்சபானாவின் முதல் நிலையத்தைப் போல முப்பத்தாறு மடங்கு. வெளிநாட்டிலிருந்து கொள்வனவு செய்யும் எரிபொருளை நம்பியிருப்பவன் பணம் இல்லாதபோது என்ன ஆவான் என்பதை 2022 ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. மார்ச் மாத இறுதியிலே ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. மீனுக்கு ஐஸ் இல்லை, ஆலையிலே நெல் குற்ற முடியவில்லை, மாணவர்கள் குப்பிவிளக்கைத் தேடினார்கள். ஆகவே சூரியனையும் காற்றையும் நாடுவது சுற்றுச்சூழல் பற்றிய பேச்சு மட்டுமன்று. சோற்றைப் பற்றிய பேச்சுமாகும். 2030 ஆம் ஆண்டுக்குள் நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு புதுப்பிக்கத்தக்க வழியால் வரவேண்டும் என்பது அரசின் இலக்கு. மன்னாரிலே ஏறக்குறைய 100 மெகாவாட் காற்றாலைகள் சுழல்கின்றன. நமது மாகாணத்துச் சம்பூரிலே, முன்பு நிலக்கரி நிலையம் கட்டுவதாக இருந்து 2016 இல் கைவிடப்பட்ட பின்னர், 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்க விழா நடந்தது. வீட்டுக் கூரைகளிற் பூட்டப்பட்ட தகடுகளின் வலுவோ நாடெங்கும் 1,000 மெகாவாட்டையும் தாண்டிவிட்டது.

நல்லதுதானே, இனி என்ன கவலை என்று கேட்பீர்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன்னர் நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்றார்கள். நாடெல்லாம் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் ஒரு குரங்கு தொட்டு முழு இலங்கையும் இருளுமானால், அது குரங்கின் பலமா, கம்பியின் பலவீனமா?

இதனைச் சற்று விளக்கமாகச் சொல்ல அனுமதியுங்கள்; இன்றைய பேச்சின் மையம் இதுவேயாகும். குயவன் தன் சக்கரத்தைக் கோலால் சுழற்றிவிட்டுக் கையை எடுத்த பின்னரும் அது சுழன்றுகொண்டே இருக்கிறதல்லவா? பாரமான சக்கரம் உடனே நிற்காது. விஞ்ஞான வகுப்பிலே இதனைச் சடத்துவம் என்று படித்தோம். நீராலும் நிலக்கரியாலும் இயங்கும் நிலையங்களிலே தொன் கணக்கான எடையுள்ள சக்கரங்கள் சுழல்கின்றன. எங்காவது ஒரு பாதை திடீரென அறுந்தால், அந்தச் சுழற்சியின் பலத்திலே சில விநாடிகள் முழு நாடும் தாங்கி நிற்கும். அதற்குள் ஏனைய நிலையங்கள் கைகொடுத்துவிடும். சூரியத் தகட்டிலே சுழல்வது எதுவுமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைகள் மூடியிருந்தன, தேவை குறைவு, வெயில் நல்ல வெயில், ஆகையால் மின்சாரத்தின் பெரும் பங்கு சூரியத் தகடுகளிலிருந்தே வந்துகொண்டிருந்தது. பாரச் சக்கரங்கள் குறைவாகச் சுழன்றன. ஒரு தட்டுத் தட்டியதும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் மூன்று மணி வரைக்கும் கூரைத் தகடுகளை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. இலவசமாகப் பொழியும் வெயிலை வேண்டாம் என்று சொல்லும் நிலை!

இது ஏழை நாட்டுக்கு மட்டும் வந்த இடர் என்று எண்ணவேண்டாம். அதே 2025 ஏப்ரல் 28 ஆம் திகதி ஸ்பெயினும் போர்த்துக்கலும் பட்டப்பகலில் மின்சாரமின்றித் திகைத்தன. அவுஸ்திரேலியாவின் தென்மாநிலம் 2016 இல் முழுவதுமாக இருண்டு, அடுத்த ஆண்டே 100 மெகாவாட் பற்றரி நிலையம் ஒன்றை அமைத்துக்கொண்டது. நம் நாட்டிலும் பற்றரி பற்றிய பேச்சு வலுத்திருக்கின்றது. பகலில் நீரை மேலே ஏற்றி இரவில் இறக்கும் 600 மெகாவாட் மகாஓயாத் திட்டமும் நெடுநாளாகக் கடதாசியில் இருக்கின்றது. (நம் மாவட்டத்து மகாஓயா அன்று, அது அரநாயக்காப் பக்கம்.) பெயர் ஒன்றானாலும் ஆறு வேறு!

பகல் மின்சாரத்தை இரவுக்கு வைத்திருக்க வேண்டியதன் அவசரம் நம் ஊரிலேயே கேட்கும். மாலைப் பூசை மணியும் மஃரிப் பாங்கும் ஏறக்குறைய ஒரே வேளையில் ஒலிக்கின்றன. அந்த வேளையிலிருந்துதான் நாட்டின் மின்தேவையும் உச்சத்தை நோக்கி ஏறுகின்றது. அந்த வேளையிலேதான் சூரியனும் மேற்கே மறைகின்றது.

ஆகவே தூய மின்சாரத்துக்கு மாறுவதென்பது கூரையில் தகடு பூட்டுவதோடு முடிந்துவிடுவதன்று. ஒரே ட்ரான்ஸ்போமரின் கீழ் பத்து வீட்டார் தகடு பூட்டினால், நண்பகலில் அந்தத் தெருவின் வோல்ட் அளவு ஏறும். அதற்குமேல் ஏறியதும் சில வீட்டுக் கருவிகள் தாமாகவே நின்றுவிடும். தடித்த கம்பி எந்தத் தெருவுக்கு முதலில் வரவேண்டும், புதிய ட்ரான்ஸ்போமர் எங்கே, பற்றரி எங்கே என்பதை யாரோ ஒருவர் வரைபடத்தை விரித்து வைத்துத் தீர்மானிக்கிறார். அவர்தான் இந்த மாற்றத்தின் உண்மையான சிற்பி. இன்னொன்றும் சொல்லவேண்டும். கல்வீடும் வங்கிக் கடனும் உள்ளவர் கூரையிலே தகடு ஏறுகின்றது. அவர் பற்றுச்சீட்டுக் குறைகின்றது. வாடகை வீட்டிலிருக்கும் மீன்பிடித் தொழிலாளியும், மருதமுனையிலே தறியோடு உழைப்பவரும் கம்பியின் செலவை முழுமையாகச் சுமந்தபடி நிற்கிறார்கள். இதனைச் சரிக்கட்டும் கட்டண முறையை வகுப்பதும் கணக்குத் தெரிந்தவர்களின் வேலைதான். அதனைத் தட்டிக் கேட்பது கணக்குப் புரிந்த ஊராரின் வேலை.

நம் வீதியை எண்ணிப் பாருங்கள். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாலையிற் கோத்த மலர்கள் போல மாறி மாறி வருகின்றன. செயலகம் பற்றியும் எல்லை பற்றியும் இங்கே நடக்கும் வாதங்களைத் தீர்க்க நாம் இம்மேடைக்கு வரவில்லை. அவற்றிலே எமக்கும் கருத்து உண்டு. ஆனால் மருதமுனைக்கு நல்ல கம்பி வேண்டும் என்று கேட்காமல் பாண்டிருப்புக்கு மட்டும் கேட்க முடியாது. மின்சாரத்தில் அப்படியொரு பங்கு பிரித்தல் இல்லை.

வாசலும் தொலைவில் இல்லை. 1990களின் நடுப்பகுதியிலே ஒலுவிலில் எழுந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் 2012 முதல் பொறியியற் பீடம் இயங்குகின்றது. நம் தமிழ்ப் பிள்ளைகள் சிலரின் வீட்டிலே, அது அவர்களுடைய பல்கலைக்கழகம் என்றொரு பேச்சு இன்னும் இருக்கின்றது. இது வருந்தத்தக்கது, அதைவிட, நட்டமானது. காரைதீவு தந்த சுவாமி விபுலானந்தர் நம்மிற் பலரைப் போலவே மிஷன் பள்ளிக்கூடத்திலே கற்றவர். யார் நடத்தும் பள்ளி என்று பார்த்துக் கல்வியை அவர் ஒதுக்கவில்லை. யாழ்நூல் கண்ட அப்பெரியார் முதலிலே ஒரு விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞான ஆசிரியர். 1936 இல் சென்னையிலே தமிழ்க் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் ஊரருகே இருந்துகொண்டு, பௌதிகம் கடினம், வர்த்தகம் இலகு என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எல்லோரும் எஞ்சினியராக வேண்டுமென்பதில்லை. தொழில்நுட்பக் கல்லூரியிலே மின்னியல் கற்றவருக்கும், கம்பத்தில் ஏறிப் பழகியவருக்கும் வரும் இருபது ஆண்டுகளில் வேலைக்குக் குறைவிராது.

மன்றத்துக்கு ஒரு வேண்டுகோளோடு அமர்கிறோம். வண்ணக்கர்மார் இசைவு தந்தால், எம் இளைஞர் ஒரு மாத காலம் நம் ஆலயத்து மின்மானியைக் காலையும் நண்பகலும் மாலையும் பார்த்துக் குறித்து வைப்பார்கள். பகலில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு, திருவிழா நாளில் எவ்வளவு என்பது தெரியவரும். மண்டபக் கூரையிலே தகடு பூட்டுவதா, அதற்குப் பற்றரி வேண்டுமா என்பதை அந்தக் கணக்கைக் கொண்டு முடிவு செய்யலாம். அயலூர்ப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களிடமும் இதே கணக்கைக் கேட்டுப் பார்க்க இருவரை அனுப்ப எண்ணியிருக்கிறோம். குறிப்பேடு வாங்கியாயிற்று. பெயர் கொடுக்க விரும்பும் தம்பி தங்கையர் விழா முடிந்ததும் செயலாளரைக் காணவும்.